காளி ஏறிய வண்டியும் ஜாய்சியின் முள்ளும்

உவரியில் போய் ஜாய்சி வீடு எது என்று கேட்டால், எந்த ஜாய்சி என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு இரண்டு ஜாய்சி உண்டு அங்கே. 'முள்ளு ஜாய்சி' என்று கேட்டுப் பாருங்கள். நடந்துபோகிற ஆள் நின்று, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டு வருவார். மீன் பிடிக்கிற ஊர் என்பதால் முள் என்றதும் வேறு எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் காரில், ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், கண்ணாடி ஓரத்தில் சின்னதாக ஒரு வட்ட மீட்டர் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை எவ்வளவு சூடாகப் போகிறது என்று காட்டுகிற மீட்டர். அதிலே ஆடுகிற முள்தான் அவளுக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது.

மற்ற டிரைவர்கள் ரோட்டைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். ஜாய்சி ஒரு கண்ணால் ரோட்டைப் பார்ப்பாள், ஒரு கண்ணால் முள்ளைப் பார்ப்பாள். அவள் மாமியார் பவுலினுக்கு இது பொறுக்காது.

"எம்மவன் ஜேக்கப் கப்பல்ல வேல பாக்கான். காய்ச்சலா தலவலியான்னு அவன ஒருநாள் கேட்டிருப்பாளா? பொகைக்குச் சூடு எவ்வளவுன்னு மட்டும் நிமிசத்துக்கு ஒருக்கா பாக்கா" என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஜேக்கப்புக்குக் காய்ச்சல் வந்தால் கப்பலில் டாக்டர் இருக்கிறார். இந்த எஞ்சினுக்கு ஜாய்சியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கார் வருவதற்கு முன்னால் அவள் வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் பொத்தான், மத்தியானம் பொத்தான், சாயங்காலம் பொத்தான். கனவிலும் நாலு ஓட்டை போட்ட பொத்தான்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் அப்பம் உயர்த்தும்போது, அது எத்தனை ஓட்டைப் பொத்தானாக இருக்கும் என்று ஒருதரம் அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கே முடிவு பண்ணினாள், இந்த வேலை ஆகாது என்று.

நாகர்கோவிலில் ஒரு பையன் ஓட்டிச் சலித்த டர்போ டீசல் கார் ஒன்று கிடைத்தது. டர்போ என்றால் பெரிய ரகசியம் இல்லை. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும்; அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊதும். ஊதின காற்றுக்கு ஏற்ப டீசலும் கூடும், பலமும் கூடும். அந்த நாகர்கோவில் பையன் போதாக்குறைக்கு கம்ப்யூட்டரை வைத்து எஞ்சினுக்கு வேறு ஏதோ சொல்லிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் டீசலைக் குடிக்கப் பழக்கியிருந்தான். இது ஜாய்சிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டாவது கியரில் மிதித்தால் வண்டி ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினது மாதிரி கிளம்பும் என்பதுதான். முதல் நாள் கூடங்குளம் ரோட்டில் அந்தத் தள்ளு கிடைத்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வண்டி தள்ளியிருக்கிறது, அத்தனை தடவையும் சிரித்திருக்கிறாள். பின்சீட்டில் துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தால் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

சிரித்தவளை அச்சன்கோவில் மலை அழவைத்தது. ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனாள். ஏற்றம் முழுக்க டாப் கியரிலேயே மிதித்து ஏறினாள். கியரைக் குறைத்தால் டீசல் செலவு கூடும் என்று அவளுக்கு யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்திருந்தான். உச்சிக்குப் போனதும் டீக்கடை முன்னால் நிறுத்திச் சட்டென்று சாவியைத் திருகிவிட்டு இறங்கினாள். டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால், வண்டிக்குப் பின்னால் ஒரு நீலப் புகை எழுந்தது. அச்சன்கோவிலில் அன்றைக்கு அவ்வளவு சாம்பிராணி யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

திசையன்விளை மெக்கானிக் ரிச்சர்ட் டர்போவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரி பேசினார்.

"ஏற்றத்துல பெரிய கியர்ல அமுக்கி மிதிச்சா, டீசல் நெறைய போவுது, அதுக்குத் தக்கன காத்து வரமாட்டேங்கு. பொக தீயா வருது. அந்தத் தீயில இந்தச் சக்கரம் சுத்துது. நீங்க நிப்பாட்டினதும் எண்ணெய் ஓட்டம் நின்னு போச்சு. உள்ள இருந்த எண்ணெய் அப்படியே கருகி, தண்டு ஒரசி, போச்சுக்கா."

"எனக்கு எப்படித் தெரியும் ரிச்சர்டு? சூடு காட்டுத முள்ளு பாதியிலதான நின்னுச்சு."

"அது தண்ணிச் சூடுக்கா. பொகச் சூடு வேற. அதுக்குத் தனி மீட்டர் இருக்கு. எஞ்சினுக்கும் டர்போவுக்கும் நடுவுல குழாய்ல ஒரு ஓட்டை போட்டு, ஒரு கம்பிய உள்ள விட்டுறலாம். அறநூறு டிகிரி வரைக்கும் பாட்டுக் கேட்டுட்டு ஓட்டுங்க. ஏறுச்சுன்னா கியரக் கொறைங்க, கால எடுங்க. எழுநூறத் தாண்டி நிக்கவே கூடாது."

அன்றைக்கு மாட்டியதுதான் முள். அன்றைக்கு ராத்திரியே கப்பலிலிருந்து ஜேக்கப் பேசியபோது, அவன் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "இன்னொரு தடவ டர்போ போச்சுன்னா வண்டியக் குடுத்துருவோம். நான் பொத்தான் தைக்கப் போறேன்." சொன்ன சொல் மாறுகிற குடும்பம் இல்லை அது. பக்கத்தில் நின்ற பவுலின் அந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அப்புறம் ஜாய்சி வேறு டிரைவர் ஆகிவிட்டாள். முள் ஏறினால் கியர் இறங்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும், காற்று கூடும், முள் சொன்னபடி கீழே வரும். எந்த ஊரில் நிறுத்தினாலும் உடனே அணைக்க மாட்டாள். முள் முந்நூறுக்குக் கீழே வரும்வரை வண்டி சும்மா உறுமிக்கொண்டே நிற்கும். "எறங்கியாச்சே, பெறகு எதுக்கு ஓடுது?" என்று கேட்காத சவாரி கிடையாது. "இளைப்பாறுது" என்பாள்.

இப்படியாக முள்ளும் அவளும் சமாதானமாக இருந்த காலத்தில்தான் காளி வந்து வண்டியில் ஏறினாள்.

சேரன்மகாதேவி பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் முத்துராணி என்று ஜாய்சிக்கு ஒரு சிநேகிதி. பொத்தான் கம்பெனியில் பக்கத்து மேசை. அவள் புருசன் பெருமாள்ராஜ், தாமிரபரணித் தண்ணீரை ஊர் ஊராக ஏற்றுகிற பம்பு ஹவுசில் வேலை. பரம சாது. மோட்டாருக்கே வலிக்குமோ என்று சுவிட்சைப் பைய அமுக்குகிற ஆள். அவர் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தசராவுக்கு விரதம் இருந்து காளி வேசம் போட்டிருந்தார். பத்தாம் நாள் குழுவோடு குலசைக்குப் போய் அம்மன் முன்னால் நிற்க வேண்டும். மேளக்காரர்களும் சாமான்களும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றில் வர, காளிக்கு மட்டும் கார் வேண்டும் என்று முத்துராணி போன் பண்ணினாள். ஜாய்சி சரி என்றாள்.

காலையில் போய் இறங்கியபோது பெருமாள்ராஜைக் காணோம். முகமெல்லாம் கருநீலம், நெஞ்சுவரை தொங்கும் சிவப்புத் தகர நாக்கு, இடுப்பில் சலங்கை, கையில் சூலம் என்று ஒரு உருவம் முற்றத்தில் நின்றது. முதுகில் கட்டுகிற மிச்சக் கைகள் சுவரோரம் சாத்தியிருந்தன.

"அண்ணே, நல்லா இருக்கியளா?" என்றாள் ஜாய்சி.

முத்துராணி அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஏட்டி, அண்ணேன்னு சொல்லாத. வேசம் போட்டாச்சுல்லா. அம்மான்னு கூப்பிடணும்."

"நீ என்ன சொல்லிக் கூப்பிடுத?"

"நானும் அம்மான்னுதான். காலையில காப்பி கூட, அம்மா, குடிங்கன்னுதான் குடுத்தேன்."

ஜாய்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பினால், வண்டி அதற்குள் அலங்காரம் ஆகியிருந்தது. குழுத் தலைவர் முத்துமாலை அண்ணாச்சி, அவர்தான் குட்டியானையை ஓட்டுகிறவர், காரின் முகத்தையே மூடி அம்மன் படம் போட்ட ஒரு பெரிய பேனரைக் கட்டியிருந்தார். பேனருக்குப் பின்னால் வேப்பங்குழையைக் கத்தை கத்தையாக, கொஞ்சமும் இடைவெளி இல்லாமல் செருகியிருந்தார். இரண்டு லைட்டு மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்படி இருக்கு தாயி?" என்றார்.

நல்லாத்தான் இருந்தது. இங்கேதான் ஜாய்சி கோட்டை விட்டாள். வேறு யாராவது அவள் வண்டியின் கிரில்லில் ஒரு ரிப்பன் கட்டினாலும் 'காத்து போவணும், எடுங்க' என்று சண்டைக்குப் போகிறவள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண் வந்து அம்மன் படத்தை எடுக்கச் சொன்னாள் என்று ஆகிவிடக் கூடாதே என்ற மரியாதை அன்றைக்கு அவள் அறிவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "அம்சமா இருக்கு அண்ணாச்சி" என்று சொன்னதோடு நிற்காமல், படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

கிளம்பினார்கள். காளி முன்சீட்டில். கிரீடம் கூரையில் இடித்ததால் மடியில் வைத்துக்கொண்டார். சூலம் ஜன்னலுக்கு வெளியே. முதுகுக் கைகள் எல்லாம் காரின் கூரைமேல் கட்டப்பட்டு, எதிரில் வருகிற லாரிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் டாட்டா காட்டிக்கொண்டு வந்தன. பின்சீட்டில் முத்துராணி, அவளைச் சுற்றிப் பூ, தேங்காய், பழத்தட்டு. நாங்குநேரி டீக்கடையில் குழந்தைகள் ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, உள்ளே காளியைக் கண்டு வந்த வேகத்திலேயே திரும்பி ஓடின. சாது பெருமாள்ராஜுக்கு இது புது ருசி. முனைஞ்சிப்பட்டி தாண்டுவதற்குள் நாலு ஊரில் ஜன்னல் வழியாக விபூதி பூசி, இரண்டு பேருக்குப் பிள்ளை வரம் கொடுத்துவிட்டார்.

முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலேயே நின்றது. ஆள் கூட, கூரையில் கை கூட, அதனால் இருக்கும் என்று ஜாய்சி விட்டுவிட்டாள். மனசு கொண்டாட்டமாக இருக்கும்போது முள்ளும் ஆடத்தானே செய்யும்.

சாத்தான்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் குட்டியானை படுத்துக்கொண்டது. கிளட்ச் போய்விட்டது. அன்றைக்கு ஊரே குலசையில் இருக்கிறது, ஒரு மெக்கானிக் கிடைக்கவில்லை. பஸ்களில் ஆட்கள் கதவில் தொங்கினார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் போலீஸ் ரோட்டை அடைத்துவிடும், அப்புறம் விரதம் இருந்து துவண்ட காளி பல மைல் நடக்க வேண்டியதுதான். காளியை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று முத்துராணி சொன்னாள். காளியே ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணாக் காப்புக் கட்டினவுக ஒண்ணாத்தான் போயி நிக்கணும். மேளம் இல்லாம நான் அங்கன போயி என்ன செய்ய?"

எல்லாரும் ஜாய்சியைப் பார்த்தார்கள். ஜாய்சி டிக்கியைத் திறந்தாள். உவரிக்காரி வண்டியில் ஸ்டெப்னி இல்லாமல் இருந்தாலும் இருக்கும், வள்ளக் கயிறு இல்லாமல் இருக்காது. கடலில் நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக் குட்டியானையைக் காரோடு பிணைத்தாள்.

"பைய வாங்க அண்ணாச்சி. நான் பிரேக்குப் போட்டா நீங்களும் போடுங்க. இல்லன்னா அம்மா மடிக்கே வந்துருவிய."

கார் கிளம்பியது. பின்னால் குட்டியானை, குட்டியானைக்குள் மேளக்காரர்கள். இழுபடுகிற வண்டியில் வேறு வேலை இல்லையே, அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாத்தான்குளம் கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. காளி சூலத்தை ஆட்டினார். ஜாய்சிக்கு உடம்பெல்லாம் சலங்கை கட்டின மாதிரி இருந்தது. இப்படி ஒரு சவாரி பொத்தான் கம்பெனியில் கிடைக்குமா?

ஊரைத் தாண்டித் தேரிக்காட்டுச் செம்மண் மேடு தொடங்கியது. கடலிலிருந்து எதிர்க்காற்று. ஜாய்சி முள்ளைப் பார்த்தாள். அறுநூற்றைம்பது. மூன்றாவது கியருக்கு இறக்கினாள். எப்போதும் கியர் இறங்கியதும் முள் இறங்கும். இறங்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கினாள். அறுநூற்றுத் தொண்ணூறு. அவள் சிரிப்பு நின்றது. வண்டி நத்தை மாதிரி ஊர்கிறது, எஞ்சின் கத்துகிறது, முள் எழுநூறைத் தாண்டிச் சிவப்புக்குள் போய் நின்றுகொண்டது. மீட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"என்ன பறவை அது?" என்றார் காளி.

 ஜாய்சிக்கு அச்சன்கோவில் புகை கண்ணில் தெரிந்தது. இந்த மேடு ஏறிவிட்டால் அப்புறம் சமதரைதான், இன்னும் கொஞ்சம்தான் என்று காலை எடுக்காமல் கொஞ்ச தூரம் மிதித்தாள். பின்னால் மேளம், பக்கத்தில் காளி, இப்போது நிறுத்தினால் எல்லார் முகமும் எப்படிப் போகும் என்ற நினைப்பு. முள் இன்னும் ஏறியது. இண்டிகேட்டரைப் போட்டாள், ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு இறங்கினாள்.

மேளம் நின்றது. ஆளாளுக்கு வந்து சூழ்ந்தார்கள். "என்ன தாயி, மணி ஆவுதுல்லா" என்றார் முத்துமாலை.

"வண்டி வேவுது அண்ணாச்சி. இதோட மிதிச்சா எஞ்சின் சுட்டுரும்."

பானெட்டைத் தூக்கினாள். டர்போ அமுக்கி ஊதுகிற காற்று சூடாகிவிடும்; சூடான காற்றில் சத்து இல்லை; அதை ஆற்றி அனுப்புவதற்கென்று முன் கிரில்லுக்குப் பின்னால் இன்டர்கூலர் என்று ஒரு சின்ன ரேடியேட்டர் உண்டு. அதற்குள் போகிற குழாய் கையைச் சுடும், வெளியே வருகிற குழாய் ஆறியிருக்க வேண்டும். ஜாய்சி துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டையும் தொட்டாள். இரண்டும் ஒரே சூடு. ஆற்றவேண்டியது ஆற்றவில்லை. ஏன் என்று குனிந்து பார்த்தாள். கத்தை கத்தையாக வேப்பங்குழை. அதற்கு முன்னால் பேனர். பேனரில் அம்மன் சிரித்த முகமாக இருந்தாள்.

காலையில் தான் போட்ட கும்பிடு ஜாய்சிக்கு ஞாபகம் வந்தது. முள்ளுக்கு வாழ்க்கைப்பட்ட தனக்கு இது தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"அண்ணாச்சி, இந்த பேனரையும் குழையையும் கொஞ்சம் அவுக்கணும். காத்து உள்ள போவல."

முத்துமாலையின் முகம் மாறியது. "காப்புக் கட்டின கையால கட்டுனது தாயி. கோயில் வாசல்ல போயித்தான் அவுக்கணும். நடுக்காட்டுல அம்மன எறக்கி வைக்கவா நேர்ந்துட்டு வந்தோம்?"

மேளக்காரர்கள் ஆமாம் போட்டார்கள். ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். இன்னொருவர், மெதுவாகத்தான் என்றாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அவுகளுக்கு நம்ம சாமிய பத்தி என்ன தெரியும்" என்றார். ஜாய்சிக்குச் சுருக்கென்றது. அவள் கைவைத்து அவிழ்த்தால் கலகம். அவிழ்க்காமல் மிதித்தால் டர்போ போகும், வண்டி போகும், நாளைக்குக் காலையில் பவுலின் பத்திரமாக வைத்திருக்கிற சொல்லை எடுத்து வெளியே வைப்பாள்.  அவள் யாரிடம் போவாள்? நேராகக் காளியிடம் போனாள்.

காளி கதவைத் திறந்துவைத்துக் காலை வெளியே தொங்கப்போட்டு, தகர நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கருநீலம் வழிந்து கழுத்தில் ஆறாக ஓடியது. ஜாய்சி கை கூப்பினாள். சும்மா கூப்பவில்லை, நிஜமாகவே கூப்பினாள்.

"அம்மா, ஒங்களுக்கு இந்த வேசத்துக்குள்ள எப்படி இருக்கு?"

"வேவுது" என்றார் காளி.

"நாக்க ஒதுக்கிட்டு மூச்சு விடுதியள்ல. இந்தா, வாயத் தொறந்து மூச்சு விட்டாத்தான் ஒங்களால ஆட முடியும். இந்த வண்டியும் அப்படித்தான்மா. மூஞ்சிய இறுக்கக் கட்டிவச்சு, முதுகுல ஒரு குட்டியானையையும் கட்டி, ஓடு ஓடுன்னா எப்படி ஓடும்? இந்தத் தடவ இது கருகிச்சுன்னா நான் இனிமே வண்டியில உக்கார முடியாது. நீங்கதான் சொல்லணும். ஒங்க படம்தான அது."

 காளி குடித்த தண்ணீரைக் கீழே வைத்தார். கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்தார். சூலத்தை ஊன்றி எழுந்தார். சலங்கை குலுங்கியது.

"முத்துமாலை" என்றார்.

முத்துராணிக்கு மூச்சே நின்றுவிட்டது. பெருமாள்ராஜ் பிறந்ததிலிருந்து முத்துமாலையை அண்ணாச்சி என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் கூப்பிடுவார்.

"அம்மா" என்றார் முத்துமாலை, இரண்டு கையும் சேர்ந்துகொண்டன.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் என் மூஞ்சியப் பாக்க வாரான். நீ என் மூஞ்சியக் கொண்டு ஒரு வண்டிக்கு மூச்சு முட்ட வைக்க. நாளைக்கு அந்தப் பாவம் யார் தலையில? அத அவுத்துரு வே."

"அவுக்கேன் தாயே. அவுத்து எங்கன வைக்க? தரையில வைக்கக் கூடாதே."

காளி இதற்கு முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. கண்ணை உருட்டினார். ஜாய்சிதான் சொன்னாள். "குட்டியான முன்னால கட்டலாம் அண்ணாச்சி. அதுல எஞ்சினே ஓடல. அதுக்குக் காத்து எதுக்கு?"

முத்துமாலை தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அம்மன் தன் வண்டி முகத்தில் வரப்போகிறாள் என்பது மெல்ல அவருக்கு உறைத்தது. அப்புறம் அவர் அவிழ்த்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பேனர் குட்டியானைக்குப் போனது. குழையை ஆளுக்கு ஒரு கத்தையாக மேளக்காரர்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஒரு இலை தரையில் விழவில்லை.

கிளம்பினார்கள். ஜாய்சி முள்ளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் போக்குவரத்துப் போலீஸ் கோபிப்பார்கள், ரோட்டையும் பார்த்தாள். மிதித்ததும் அறுநூற்றறுபதுக்கு ஏறின முள், அதே மேட்டில், அதே இரண்டாவது கியரில், பைய இறங்கியது.

"அறநூத்தி நாப்பது" என்றாள் மூச்சை விட்டு.

காளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக் கத்தினார். "அறநூத்தி நாப்பது!" மேளக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் ஒரு அடி போட்டார்கள். "அறநூத்தி இருவது" என்றாள் ஜாய்சி. காளி கத்த, மேளம் இரண்டு அடி. மேட்டின் உச்சியில் ஐநூற்று எண்பது வந்தபோது பின்னால் மேளம் பிய்த்துக்கொண்டு போனது. ரோட்டோரம் நடந்துபோன பக்தர்கள் அதென்ன புது மந்திரம் என்று தாங்களும் 'ஐநூத்தி எம்பது' என்று கோஷம் போட்டார்கள். முத்துராணி பின்சீட்டில் பழத்தட்டைக் கட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். ஜாய்சியும் சிரித்தாள். மூன்றாவது கியருக்கு ஏற்றினாள். டர்போ பின்னாலிருந்து தள்ளியது, குட்டியானை, மேளம், காளி எல்லாவற்றையும் சேர்த்து.

உடன்குடி தாண்டியதும்தான் சிரிப்புக்கு நடுவில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. இப்போது முள் நல்ல பிள்ளையாக இருக்கிறது. ஆனால் அந்த மேட்டில், கால் எடுக்க மனசில்லாமல் சிவப்புக்குள் வைத்து மிதித்தாளே, அதற்குள் தண்டு உரசிப்போயிருந்தால்? அச்சன்கோவிலிலும் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தும்போதுதான் தெரியும். எஞ்சின் அணைந்த பிறகும் டர்போ சில நொடி தானாகச் சுற்றி ஓயும். நல்லதாக இருந்தால் சன்னமாக ஒரு சீட்டி அடித்துக்கொண்டே ஓயும். கெட்டுப்போயிருந்தால் தகரத்தில் நகம் கீறுவது மாதிரி ஒரு சத்தம். அது ஒன்றுதான் தீர்ப்பு.

ரோட்டை அடைப்பதற்குள் குலசைக்குள் நுழைந்துவிட்டார்கள். குலசையில் அன்றைக்கு நிற்க இடம் கிடைப்பதே அம்மன் அருள். ஆயிரம் காளி, குரங்கு, குறத்தி, ராஜா, போலீஸ் வேசம், நிஜப் போலீஸ். மைதானத்தில் ஒரு மூலையில் வண்டி நின்றது. குட்டியானையின் முகத்தில் அம்மன் வந்து இறங்கியதைக் கண்டு முத்துமாலை தன் வண்டியையே சுற்றி வந்து கும்பிட்டார். காளிக்கு முதுகில் கைகளைக் கட்டினார்கள்.

ஜாய்சி எஞ்சினை அணைக்கவில்லை. ஒரு தொண்டர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "எம்மா, வண்டிய ஆஃப் பண்ணு. கூட்டத்துல பொக விட்டுட்டு நிக்க."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஆறட்டும்."

"ஆறதுக்கு இது என்ன சோறா? ஆஃப் பண்ணு."

அவர் கை ஜன்னல் வழியாகச் சாவிக்கு நீண்டது. அந்தக் கைக்கும் சாவிக்கும் நடுவில் ஒரு சூலம் வந்து நின்றது. தொண்டர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை கைகளோடு ஒரு காளி. விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. அவர் பின்வாங்கிக் கும்பிட்டார்.

முள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜாய்சியின் வாய்க்குள் 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் ஓடத் தொடங்கியது. முத்தாரம்மன் வாசலில் நின்று இதைச் சொல்கிறோமே என்று ஒரு கணம் யோசித்தாள். ஒரு அம்மாவைக் கூப்பிட்டால் இன்னொரு அம்மா கோபிக்கவா போகிறாள் என்று தொடர்ந்தாள். முள் முந்நூறுக்குக் கீழே வந்தது. இனி சாவியைத் திருக வேண்டியதுதான். ஆனால் சுற்றிலும் இவ்வளவு மேளத்தில் எந்தச் சத்தம் கேட்கப்போகிறது?

"அண்ணே" என்றாள். அம்மா என்று சொல்ல மறந்துவிட்டாள். "மேளத்தக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. நான் கேக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. காளி நடுவில் போய் நின்று, சூலத்தை உயரே தூக்கினார். அவர்கள் மேளம் நின்றது. பக்கத்துக் குழு, அம்மன் வாக்குச் சொல்லப் போகிறாள் என்று தங்கள் மேளத்தை நிறுத்தியது. அவர்களைப் பார்த்து அடுத்த குழு. அந்த மூலை முழுக்க அமைதி ஆகிவிட்டது. கடல் அலை கேட்டது.

ஜாய்சி சாவியைத் திருகிவிட்டு, இறங்கி ஓடி, பானெட்டில் காதை வைத்தாள். சூடு கன்னத்தைச் சுட்டது. எடுக்கவில்லை. உள்ளே அது சுற்றிக்கொண்டிருந்தது. சன்னமான சீட்டி, மெலிந்து, இன்னும் மெலிந்து, கண்ணை மூடிக்கொண்டு தேடினால்தான் கேட்கிற அளவுக்கு ஆகி, ஒரு கீறல் இல்லாமல், ஒரு உரசல் இல்லாமல், தானாக ஓய்ந்தது.

அவள் நிமிர முடியாமல் பானெட்டிலேயே கவிழ்ந்துகொண்டாள். சந்தோசத்தில் அழுகை அப்படி வந்தது. "ஒண்ணும் ஆவலண்ணே" என்றாள்.

காளி குதித்தார். தகர நாக்கு கழன்று விழுந்தது. மேளக்காரர்கள் காத்திருந்தவர்கள் போல அடித்தார்கள், பக்கத்துக் குழுவும் அடித்தது, அதற்கு அடுத்த குழுவும் அடித்தது, பெண்கள் குலவையிட்டார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. குலவை மைதானத்தைத் தாண்டிக் கோயில் பக்கம் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர் முத்துராணியைப் பிடித்து நிறுத்தி, அம்மா என்ன வாக்குச் சொன்னாள் என்று கேட்டார்.

"இவ வண்டிக்கு ஒண்ணும் ஆவலையாம் தாத்தா" என்றாள் முத்துராணி.

பெரியவர் அழுதுகொண்டிருந்த ஜாய்சியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அது போதும் தாயி" என்று அவரும் ஆடத் தொடங்கினார்.